விட்டுப் போவது குற்றமா?

ஓர் ஊரை விட்டுப் போவது குற்றமா? பிழைக்கப் போகிறவனை யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லை. எங்க வேணும்னாலும் போகலாம், யாரோட வேணும்னாலும் வாழலாம், அது அவனவன் சுதந்திரம். ஆனால் ஒரு நகரத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஒரே காரணத்துக்காக வெளியேறுகிறார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டால் 'நான் யாரையும் வெறுக்கலையே' என்கிறார்கள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் 1950இல் 18,49,568 பேர் இருந்தார்கள். ஆறில் ஐந்து பேர் வெள்ளையர். 2020இல் இருந்தவர்கள் 6,39,111 பேர். இப்போது நான்கில் மூன்று பேருக்கு மேல் கறுப்பர். இதற்குப் பொதுப்புத்தியில் ஒரு கதை தயாராக இருக்கிறது. 1967 ஜூலையில் கறுப்பர்கள் நகரத்தைக் கொளுத்தினார்கள், வெள்ளையர்கள் பயந்து ஓடினார்கள், 1973இல் கோல்மன் யங் என்ற கறுப்பரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள், அதோட ஊர் விளங்காமப் போச்சு. கதை சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1960 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை 16,70,144 ஆகக் குறைந்துவிட்டது. 1947க்கும் 1963க்கும் இடையில் நகரத்தின் தொழிற்சாலைகளில் 1,34,000 வேலைகள் காணாமல் போயின. அதாவது 1967இல் தீப்பெட்டி எடுத்தவர்களுக்கு முன்னாலேயே பணமும் தொழிற்சாலையும் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டன. அந்த ஐந்து நாளில் செத்த 43 பேரில் 33 பேர் கறுப்பர் என்பதையும் அந்தக் கதை சொல்லாது.

'பயம்' என்கிறார்களே, அதைப் பார்ப்போம். 1925இல் ஆசியன் ஸ்வீட் என்ற கறுப்பின மருத்துவர் வெள்ளையர் தெருவில் வீடு வாங்கினார். கும்பல் கூடிக் கல்லெறிந்தது. உள்ளேயிருந்து சுட்டதில் வெள்ளையர் ஒருவர் செத்தார். வீட்டுக்குள் இருந்த பதினொரு பேர் மீதும் கொலை வழக்கு. கிளாரன்ஸ் டாரோ வாதாடி, 1926இல் மருத்துவரின் தம்பி விடுதலையான பிறகுதான் மற்றவர்கள் மீதிருந்த வழக்கும் ஓய்ந்தது. யார் யாருக்குப் பயப்பட வேண்டியிருந்தது?

பயத்துக்கு அரசாங்கமே விலை வைத்தது. கறுப்பர் வாழும் பகுதி என்றால் வீட்டுக் கடனுக்கு மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகம் உத்தரவாதம் தராது. 1941இல் எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில் வெள்ளையருக்காக வீடு கட்ட வந்தவருக்கும் இதே பதில்தான்: பக்கத்தில் கறுப்பர் இருக்கிறார்கள், தர முடியாது. அவர் நடுவில் ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்தது. பல வீட்டுப் பத்திரங்களில் 'வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது' என்று ஷரத்து. 1948இல் உச்சநீதிமன்றம் அந்த ஷரத்தை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்றது. அதில் சேர்த்து விசாரிக்கப்பட்ட ஒரு வழக்கு டெட்ராய்டிலிருந்து போனதுதான்.

அதன்பின் வீட்டுப் புரோக்கர்கள் புகுந்தார்கள். 'கறுப்பன் வரான், விலை விழப்போவுது, இப்பவே வித்துடு' என்று வெள்ளையரை மிரட்டி அடிமாட்டு விலைக்கு வாங்கி, வேறு எங்கும் வீடு கிடைக்காத கறுப்பர்களிடம் கொள்ளை விலைக்கு விற்றார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஆலைத் தொழிலாளியான ஒரு வெள்ளையனுக்கு ஆயுசுக்கும் இருக்கிற சொத்து அந்த ஒரு வீடு. விலை விழுமுன் விற்றுப் போனது அவன் தப்பா? அவனுடைய கவலை பொய்யில்லை. ஆனால் அந்த விலை மழை மாதிரி வானத்திலிருந்து விழுந்ததா? பல வருஷத்து வெறுப்பை டாலரில் எழுதினால் வருவதுதான் அந்த விலை. வெறுப்பு கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அப்புறம் யாரும் தனியாக வெறுக்க வேண்டியதில்லை. கணக்குப் பார்த்தாலே போதும். கைசுத்தமாக நிறவெறியை நடத்தலாம்.

போனது மட்டும் என்றால்கூட விட்டுவிடலாம். போன இடத்தில் கதவைச் சாத்தினார்களே, அதுதான் விஷயம். கறுப்பர்களும் போனார்கள், 2000த்துக்கும் 2010க்கும் இடையில் நகரம் இழந்த மக்களில் பெரும்பாலோர் அவர்களே. ஆனால் யாரும் பின்னால் வரக்கூடாதென்று அவர்கள் சுவர் கட்டவில்லை. வெள்ளைப் புறநகர்கள் கட்டின. டெட்ராய்டுப் பள்ளிகளின் பாகுபாட்டைத் தீர்க்க 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும் என்று கீழ்நீதிமன்றம் சொன்னது. 1974இல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளியது. மறுத்து எழுதியவர்களில் ஒருவர் அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல். செங்கல் சுவர் செய்த வேலையை இனி எல்லைக்கோடு செய்தது.

வரி கட்டுகிறவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனார்கள். சாலையும் குழாயும் கடனும் இந்தப் பக்கம் நின்றன. 2013இல் நகரம் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு கொடுத்தது. நகராட்சியில் உழைத்தவர்களின் ஓய்வூதியத்தில் கை வைத்தார்கள். 2014இல் பாக்கி கட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் குடிதண்ணீரை நிறுத்தினார்கள். பந்தியில் சாப்பிட்டவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இலை எடுக்க நின்றவனிடம் சாப்பாட்டுக் கணக்குக் கேட்டார்கள்.

ஆகவே போகிற உரிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நீ போகலாம் என்றால், அவனும் அங்கே வரலாமா? நீ போகும்போது எடுத்துப்போனதில் எது உன்னுடையது, எது எல்லாருடையது? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் அது சுதந்திரம் இல்லை, சலுகை. இரண்டாவது கேள்விக்குப் பதிலே இல்லையென்றால் அது கடன். கடனுக்கு வெறுப்போ அன்போ தேவையில்லை. அந்த எட்டு மைல் சுவர் இன்னும் நிற்கிறது. இரண்டு பக்கமும் கறுப்பர்களே குடியிருக்கிறார்கள், அதில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். அதைக் கட்டியவர்களின் வாரிசுகள் யாரையும் வெறுக்காமல் இருக்கலாம். நல்லதுதான். பாக்கியைக் கட்டட்டும்.