பலகையில் இல்லாத பெயர்கள்



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம். கல்லறைகளைத் துப்புரவு செய்து, மெழுகுதிரி கொளுத்திச் செபித்தோம். பூசையில் நினைவுகூர வேண்டிய பெயர்களைச் சீட்டில் எழுதி அறைவீட்டில் கொடுத்து வருகிறீர்கள். இறந்தவரின் பெயரை எழுதுவது சிறு காரியமாகத் தோன்றலாம். அது எத்தனை பெரிய காரியம் என்பதைக் காட்டும் ஒரு சம்பவத்தை இவ்வாரம் உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன். அது நடந்த இடம் பூமியன்று, சந்திரன்.

1971-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அப்போல்லோ 15 விண்கலத்தில் சென்ற டேவிட் ஸ்காட், ஜேம்ஸ் இர்வின் என்னும் அமெரிக்க வீரர் இருவர் சந்திரனில் தங்கி ஆராய்ச்சி நடத்தினார்கள். வேலை முடிந்து புறப்படும் முன், ஸ்காட் இரண்டு பொருள்களை அந்தப் புழுதியிலே வைத்தார். ஒன்று, சுமார் மூன்றரை அங்குல அலுமினிய மனித உருவம். மற்றொன்று, 14 பெயர்கள் பொறித்த சிறு பலகை. விண்வெளிப் பயணத்திற்கென்று தங்களை ஒப்புக்கொடுத்து உயிர் நீத்த வீரர்களின் பெயர்கள் அவை. அங்கிருந்து இதை அவர்கள் உலகுக்குப் பறைசாற்றவில்லை. பூமிக்குத் திரும்பிய பின்னரே சொன்னார்கள்.

அந்தப் பதினான்கு பேரில் எட்டுப் பேர் அமெரிக்கர். ஆறு பேர் சோவியத் நாட்டினர். அக்காலத்தில் இவ்விரு தேசங்களும் ஒன்றையொன்று பகையாய்ப் பார்த்தன என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். ஆனால் அந்தப் பலகையில் உன் நாடு, என் நாடு என்ற பிரிவில்லை. அகரவரிசைப்படி எல்லாரும் கலந்தே நிற்கிறார்கள்.

அவர்களில் மூவர் கிரிசம், ஒயிட், சாஃபி. 1967 ஜனவரி 27-ந் தேதி தரையிலேயே நடந்த ஒத்திகையில், அவர்கள் அமர்ந்திருந்த கலத்தினுள் தீப்பற்றியது. உள்ளே நிரம்பியிருந்ததோ சுத்தப் பிராணவாயு. உட்புறமாய்த் திறக்கும் கதவை உள்ளிருந்த அழுத்தமே இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வெளியே இருந்த தொழிலாளர் ஓடிப் போகவில்லை. புகை நெஞ்சை அடைக்க, கண் தெரியாமல், மாறிமாறிச் சென்று கதவுகளோடு போராடினார்கள். திறந்தபோது மூவரும் மரித்திருந்தார்கள். புகையைக் குடித்த தொழிலாளர் இருபது பேருக்கு மேல் வைத்தியம் பெற்றார்கள். பின்பு அக்கதவு சில நொடிகளில் வெளிப்புறமாய்த் திறக்கும்படி மாற்றப்பட்டது. அப்படித் திருத்தப்பட்ட கலத்தில்தான் 1969-ல் மனிதர் சந்திரனுக்குப் போய்த் திரும்பினார்கள். பின் சென்றவர்களின் பத்திரத்திற்கு முன் சென்றவர்கள் விலை கொடுத்தார்கள்.

1971 ஜூன் மாத முடிவில் சோயுஸ் 11 கலத்தில் திரும்பிய டொப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் ஆகிய மூவரும், கலத்திலிருந்து காற்று வெளியேறிப்போனதால், இருந்த ஆசனத்திலேயே இறந்தார்கள். மாஸ்கோவில் அவர்களுடைய இறுதி ஊர்வலத்தில் சுமந்து சென்றவர்களுள் அமெரிக்க வீரர் தாமஸ் ஸ்டாஃபோர்டும் ஒருவர். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1975 ஜூலையில், அதே ஸ்டாஃபோர்டும் ருஷ்ய வீரர் லியோனவும் விண்வெளியில் கைகுலுக்கினார்கள். 2019-ல் லியோனவ் இறந்தபோது, 89 வயதான ஸ்டாஃபோர்டு ருஷ்யாவுக்குச் சென்று நண்பரின் அடக்கத்தில் பேசினார். ஒரு மரணத்தில் தோள் கொடுத்தவர் இன்னொரு மரணம் வரை நட்பைக் காத்தார்.

ஆனால், பிரியமானவர்களே, அந்தப் பலகையிலும் குறை உண்டு. வாலண்டின் பொந்தரெங்கோ என்ற சோவியத் வீரர், வயது 24, பிராணவாயு மிகுந்த பரிசோதனை அறையில் தீப்பற்றியதால் 1961 மார்ச் 23-ந் தேதி மாண்டார். ககாரின் விண்வெளிக்குச் செல்வதற்கு மூன்று வாரம் முன்பு. அவருடைய அரசாங்கம் அதை இருபத்தைந்து ஆண்டுகள் மறைத்து வைத்தது. ஆகவே ஸ்காட்டின் பலகையில் அவர் பெயர் இல்லை. ராபர்ட் லாரன்ஸ் என்ற அமெரிக்கர், விண்வெளி வீரராகத் தெரிந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர். 1967 டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாளன்று, வேறொரு விமானிக்குப் பயிற்சி கொடுக்கையில் விமானம் விழுந்து இறந்தார். அவர் பெயரும் அதில் இல்லை. அமெரிக்காவின் நினைவுச் சின்னத்தில் அது பொறிக்கப்படவே முப்பது ஆண்டுகள் சென்றன.

நல்ல மனதோடு எழுதினாலும் மனிதர் எழுதும் ஜாபிதாவில் பெயர் விடுபடும். சர்வேசுரனுடைய புத்தகத்திலோ ஒன்றும் விடுபடாது. நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளை இலக்கத்தால் அல்ல, பெயரால் அறிகிறவர் அன்றோ!

மக்கபேயர் ஆகமத்தில் யூதாஸ் மக்கபே என்பவர் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். போரில் விழுந்த தம் வீரரின் ஆடைக்குள் விக்கிரக அடையாளங்கள் இருப்பதைக் கண்டார். குற்றவாளிகள் என்று தள்ளிவிட்டாரா? இல்லை. காணிக்கை திரட்டி, அவர்களுக்காகப் பாவப் பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்கும்படி ஜெருசலேமுக்கு அனுப்பினார். தோழன் தவறியவனாயிருந்தாலும் தோழனே என்பது அவருடைய எண்ணம்.

இனி நம் வீட்டுச் சீட்டைப் பார்ப்போம். அதில் விடுபட்டவர் யார்? பாகப்பிரிவினைக்குப் பின் முகம் பாராமலே போய்ச் சேர்ந்த அண்ணனா? குடித்துக் கெட்டான் என்று நாம் பெயர் சொல்லாத சித்தப்பாவா? மனம் உடைந்து தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டதால், வெட்கத்திற்காகப் படத்தையும் கழற்றி வைத்துவிட்ட பிள்ளையா? அவர்களைத் தீர்ப்பிடுவது நம் வேலையல்ல. அவர்களுக்காகச் செபிப்பதே நம் வேலை. பகைநாட்டானின் பெயரைச் சந்திரன் மட்டும் சுமந்து சென்றவர்கள் உண்டு. கூடப் பிறந்தவனின் பெயரைக் கோயில் மட்டும் கொண்டுவர நமக்குக் கையில்லையா?

இவ்வாரம் ஒரு நாள், இராச் செபமாலை முடிந்ததும் குடும்பமாய் உட்காருங்கள். தாத்தா பாட்டி சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். விடுபட்ட பெயரை முதலில் எழுதுங்கள். உயிரோடிருப்பவர்களில் யாருடனாவது பேச்சு நின்றிருந்தால், அவர் பெயரும் சீட்டுக்கு வரும்வரை காத்திராமல் இன்றே படியேறிப் போங்கள். அந்தத் தொழிலாளர் புகைக்குள் ஓடியது மூவரும் உயிரோடிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் அல்லவா?

விண்ணில் மாண்டவர்களையும், மண்ணில் மறக்கப்பட்டவர்களையும், நம் வீட்டு மரித்தோர் அனைவரையும் ஆண்டவர் தம் இரக்கத்தில் சேர்த்துக்கொள்வாராக. வியாகுல மாதா அவர்களுக்காகவும் நமக்காகவும் பரிந்து பேசுவாளாக. ஆமென்.