அண்மையும் நடுநிலையும்

வழக்காட வந்தவரை நன்கறிந்த ஒருவர் நீதி வழங்குவது சிறந்ததா, அவரை முன்பின் அறியாத ஒருவர் வழங்குவது சிறந்ததா என்னும் வினா மிகப் பழையது. இங்கிலாந்தில் 1361-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ப் பெருமக்களையே அமைதிக்கான நீதிபதிகளாக அமர்த்தியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவர் ‘ஜே.பி.’ என்று அறிந்திருக்கும் பட்டம் அதன் வழிவந்ததே. நம் நாட்டில் இவ்வினாவுக்கு விடை தேடுவோர் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை நோக்குதல் தகும்.

1911 வரை அவ்விரண்டு ஊர்களும் வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தன. சித்தூரே அதன் தலைநகர். தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816-இல் சென்னை மாகாணத்தில் பிறந்த விதிகள், கிராமத் தலைவரையே முன்சீப் ஆக்கிப் பத்து ரூபாய் வரையிலான வழக்குகளைத் தீர்க்கும் உரிமையை அளித்தன. பத்து ரூபாய்க் கடனுக்காகக் கட்டுச்சோற்றுடன் சித்தூருக்கு நடந்து கூலியிழந்து நிற்க வேண்டாம் என்பது ஏழைக்குச் சிறிய நன்மையன்று. எவர் எவரிடம் கைமாற்று வாங்கினார் என்பதை முன்சீப் முன்பே அறிவார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவோரின் முறையீட்டை மொழிபெயர்க்க இடையில் ஒருவரும் தேவையில்லை.

ஆயின் அதே ஆண்டின் மற்றொரு விதியை நாம் மறைத்தல் ஆகாது. வசைமொழி, சிறு கைகலப்பு போன்ற குற்றங்களுக்குக் கிராமத் தலைவர் ஒருவரைப் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றவாளி தாழ்ந்த சாதியாராகக் கருதப்பட்டவராயின் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். ஊரார் அனைவரும் காண, தாம் நாள்தோறும் கூலிக்குச் செல்லும் நிலக்கிழாரின் கண்ணெதிரே! அத்தலைவரே வரி தண்டுபவர். பெரும்பாலும் அவரே நிலவுடைமையாளர். பதவியோ பரம்பரையாக வருவது. இவ்விடத்தில் அண்மை என்பது அறிவன்று, பிடி.

ஒத்த நிலையினர் இருவர் பிணங்கும்போது அறிந்தவர் தீர்ப்பே இனிது. ஒருவர் மற்றவர்க்குக் கீழ்ப்பட்டிருக்கும்போது அயலாரே அரண் என்பது நம் கருத்து. அயலார் கல்நெஞ்சராகவே இருப்பர் என்பதற்கும் உறுதியில்லை. சித்தூரை அடுத்த சிற்றூரில் பிறந்த ரங்கநாத சாஸ்திரியார் சிறுவராக இருந்தபோது, பணம் செலுத்த இயலாமையால் அவர்தம் தந்தையார் சிறையிலிருந்தார். ஆண்டுத் திதிக்காகத் தந்தையை விடுவிக்குமாறு சிறுவர் மாவட்ட நீதிபதி காஸமேஜரிடம் சென்று வேண்டினார் என்றும், பிணை யாது என வினவியபோது தம்மையே பிணையாகத் தந்தார் என்றும் கூறுவர். நீதிபதி தந்தையை விடுவித்ததோடு மைந்தர்க்கு ஆங்கிலக் கல்வியும் கிடைக்கச் செய்தார். பன்மொழிப் புலவராக வளர்ந்த சாஸ்திரியார் 1859-இல் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியானார். ஊராரில் ஒருவர் காஸமேஜர் இருக்கையில் இருந்திருப்பின், கடன் கொடுத்தவர் முகம் பார்த்துத் தயங்கியிருக்கவும் கூடும்.

பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளைத் தமிழகம் 1980-லும் ஆந்திரம் 1984-லும் ஒழித்தன. 2008-ஆம் ஆண்டின் கிராம நியாயாலயச் சட்டம் வேறு வழி கண்டது: சட்டம் பயின்ற நியாயாதிகாரி, ஊரார்க்கு உறவினரல்லர், ஆனால் ஊருக்கே சென்று விசாரிக்கலாம். தொலைவில் உள்ளவரை நடக்க வைத்த அவ்வேற்பாடு நமக்கு உவப்பானதே.

புலம்பெயர்ந்த நம் குடும்பங்களிலும் முன்சீப்கள் உளர். சீட்டுப் பணத் தகராறும் வாடகைப் பிணக்கும் சங்கத்துப் பெரியவர் வீட்டுக் கூடத்தில் ஒரு மாலைப் பொழுதில் தீர்ந்துவிடுகின்றன, அது நன்றே. ஆனால் கணவன் கையால் அடியுண்ட பெண்ணொருத்தி அதே கூடத்திற்கு வரும்போது, அக்கணவன் அப்பெரியவரோடு பல்லாண்டு பந்தியில் அமர்ந்து உண்டவனாக இருக்கிறான். அவளைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பும் முன், அவள் பெயரையே அறியாத ஒரு நீதிமன்றத்திற்கு வழிகாட்டி உடன்செல்வோர் நம்முள் எத்தனை பேர்?