கியரும் வீறாப்பும்

சைக்கிளில் கியர் மாற்றுவது பலவீனமா, விவேகமா? அற்ப விஷயமென்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். சௌகரியத்தைக் கண்டு வெட்கப்படும் மனோபாவம் மனிதரிடம் நெடுநாளாக இருந்து வருகிறது. அதை இவ்விடத்தே நன்கு காணலாம்.

1903இல் ‘தூர் த பிரான்ஸ்’ பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகாசிரியர் ஆன்ரி தெகிரான்ழ். கியர் மாற்றும் கருவி 45 வயது கடந்தவர்க்கே தகுமென்பது அவர் அபிப்பிராயம். நிர்வாகம் கைமாறிய பின்னர், 1937இல்தான் வீரர்களுக்கு அக்கருவி அனுமதிக்கப்பட்டது. அதுவரை அவர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பற்சக்கரங்களைப் பூட்டி வைத்து, மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். இறங்கிக் கழற்றினால் வீரமாம். விரலால் தள்ளினால் கோழைத்தனமாம்! இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

கியர் வேலையைக் குறைப்பதேயில்லை. முன்னே 48 பற்களும் பின்னே 12 பற்களும் இருப்பின், பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் நான்கு சுற்றுச் சுழலும். பின்னே 24 ஆயின் இரண்டே சுற்று. ஏற வேண்டிய உயரம் மாறுவதில்லை. குமாஸ்தா பாஷையிற் சொன்னால், தொகை அதுவே, தவணைதான் கூடுகிறது.

சிராங்கூன் சாலை சமதரைதான். ஆயினும் அடிக்கடி சிவப்பு விளக்கு குறுக்கிடும். சங்கிலி ஓடும்போதே கியர் மாறுமாதலின், நிற்பதற்கு முன்னரே மாற்றியவன் பச்சை கண்டதும் இலேசாகப் புறப்படுவான். மறந்தவன் எழுந்து நின்று மிதிப்பான். மவுண்ட் பேபர் ஏற்றத்திலோ முழங்காலே தண்டனை பெறும். மூச்சுத் திணறிய பிறகு மாற்றினால் சங்கிலி கரகரவென்று முரண்டு செய்யும். ஏற்றம் தொடங்குமுன் மாற்றியவனுக்குக் கால்கள் ஒரே தாளத்திற் சுழல்கின்றன. மரங்களைப் பார்க்கவும் தோழனோடு பேசவும் மூச்சு மிஞ்சுகிறது. சவாரியின் இன்பம் அதுவன்றோ? பத்தடிக்கு ஒருமுறை கியரைச் சொடுக்குபவனுக்கும் அது கிட்டாது. அவன் கவனமெல்லாம் விரலிலேயே நின்றுவிடுகிறது.

ஒரே கியரில் ஓட்டுவதுதான் இன்பமென்பாரும் உளர். ஓட்டட்டும்; அது அவர் சுதந்தரம். ஆனால் அதனையே பிறர்க்கும் தர்மமாக விதிக்கும்போதுதான் வழக்கு வருகிறது. 20க்கு மேற்பட்ட கியர்கள் கொண்ட வண்டியில் கனமான ஒன்றையே பிடிவாதமாக மிதிக்கும் கனவானைச் சிங்கப்பூர்ச் சாலைகளிற் காணலாம். கியரில்லாத பழைய வண்டியில் வேலைத்தலத்துக்குப் போகும் நம் தொழிலாளியும் இங்கேதான் இருக்கிறார். அவர் அதை விரதமாகக் கொள்ளவில்லை. கிடைத்த வண்டி அது. மூன்று கியர் கொண்ட வண்டி ஒன்று கொடுத்தால் மறுப்பாரென்று நான் நினைக்கவில்லை.