உங்க பேரு என்ன?

2011, லண்டன். மருத்துவமனையில் ஒரு ராத்திரி, செவிலியர் ஒருவர் ஓர் இளம்பெண்ணை எழுப்பிப் பெயர் கேட்கிறார். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கக் கேட்கும் வழக்கமான கேள்விதான். எமிலியா இசபெல் யூஃபீமியா ரோஸ் கிளார்க் என்று நீண்ட பெயர் அது. அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அர்த்தமில்லாத சொற்கள்தான் கொட்டின. வயது 24.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் அவர் நடித்த டெனேரிஸுக்குப் பட்டப்பெயர்களை அடுக்கிச் சொல்லவே ஓர் ஆள் கூடவே வருவார். டெனேரிஸாக நடித்தவருக்குத்தான் சொந்தப் பெயர் வரவில்லை.

ஒரு வாரத்தில் பேச்சு திரும்பிவிட்டது. பேட்டிகளுக்கு நடுவே வலி பொறுக்க மார்ஃபின் குடித்துக்கொண்டு வேலைக்கும் போனார். 2013இல் மண்டையோட்டைத் திறந்து இன்னொரு அறுவை. வெளியே மூச்சுவிடவில்லை. 2019இல்தான் ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதினார். மூளைக்காயத்துக்கும் பக்கவாதத்துக்கும் பிறகு மீள்பவர்களுக்காக ‘சேம்யூ’ என்ற அறக்கட்டளையையும் அறிவித்தார். ‘அதே நீதான்’ என்று தமிழில் சொல்லலாம்.

இதை எழுதுபவருக்கு அந்த ராத்திரிக் கேள்வி மட்டும் போக மறுக்கிறது. காரணம் லண்டனில் இல்லை, சின்ன வயதுத் தெருவில் இருக்கிறது. தெருக்கோடித் திண்ணையில் வாதத்தில் விழுந்த தாத்தா ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே சொல்: “சரி”. பசித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. “தாத்தா, உங்க பேரு என்ன?” என்று பிள்ளைகள் வேண்டுமென்றே கேட்பார்கள். “சரி” என்பார். சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். ஓடியவர்களில் எழுதுபவரும் உண்டு.

பின்னாளில் எங்கோ படித்தது பாதி ஞாபகம்: பாரிஸ் பக்கம் பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்றொருவர். 30 வயதுவாக்கில் பேச்சை இழந்தவர். எது கேட்டாலும் “டான்” என்பார். 1861இல் அவர் இறந்ததும் மருத்துவர் ப்ரோகா மூளையை ஆராய்ந்து, பேச்சுக்கான இடத்தைக் காட்டினார். அந்த இடத்துக்கு ப்ரோகாவின் பெயர். நோயாளியோ நெடுங்காலம் வெறும் ‘டான்’. அவருக்கு வந்தது பக்கவாதம் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் திண்ணைத் தாத்தாவை நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை.

அறக்கட்டளைக்குத் திரும்புவோம். 2020 ஊரடங்கில் சேம்யூவுக்காக எமிலியா நிதி திரட்டினார். கொடுத்தவர்களில் 12 பேருக்கு அவரோடு இணையவழி விருந்து. அந்த 12 இடத்துக்காக நீண்ட கைகள் எதற்காக நீண்டன? மீள முடியாமல் கிடப்பவர்களுக்காகவா, அந்தப் பெயருக்காகவா? தமிழில் ‘பேர்’ என்றால் புகழும்தான். கேட்பதே அற்பமாக இருக்கலாம். எதற்காகக் கொடுத்தாலும் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தானே போகிறது. எட்டு வருடம் மறைத்து வைத்த ராத்திரியைக் கடைசியில் எடுத்துக் கொடுத்தவர்மேல் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் சொல்ல அப்படியொரு பேர் இல்லாதவருக்கு எந்தக் கை நீளும்? இங்கே வந்ததும் எழுதுபவரின் வாதம் நின்றுவிடுகிறது.

போன வாரம் ஊருக்குப் போன் போட்டுத் தாத்தாவின் பெயரைக் கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “சரித் தாத்தான்னுதான்டா கூப்பிடுவோம்…” என்றாள்.