திரும்பி வருவதற்குச் சான்று

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையை அண்டிய கடலோரக் கிராமம் கதிரவெளி. அங்கு ஓர் ஆசிரியரின் குடும்பம் வாழ்வதாக எண்ணிக்கொள்வோம். யுத்த காலத்தில் உயிர் தப்பிச் சென்ற பிள்ளைகளின் மாமி பாரிஸில். மாமன் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில். பிள்ளைகள் அவ்விருவரையும் நேரில் கண்டதேயில்லை. வருகின்ற விடுமுறையில் இரு நாடுகளுக்கும் சென்றுவர வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை.

வழி சிக்கலானதன்று. கொழும்பிலிருந்து பாரிஸுக்கு விமானம். அங்கிருந்து எல்லை நகரான பாசலுக்கு ஏறத்தாழ மூன்று மணிநேர ரயில். பின் ஒரு மணிநேரத்தில் பேர்ண். 1985இல் லக்சம்பேர்க்கின் ஷெங்கன் கிராமத்தில் ஐந்து நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை பின்னர் விரிந்தது. 2008இல் சுவிட்சர்லாந்தும் அதனுள் வந்தது. ஆகவே இரு நாடுகளுக்கும் ஒரே விசா போதும். அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாயின் முதலில் நுழையும் நாட்டிடம். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ. தலைக்கு 30,000 யூரோ வரை ஈடுசெய்யும் மருத்துவக் காப்புறுதியும் வேண்டும்.

ஆனால் இவற்றிற்கெல்லாம் அடியில் ஒரு வினா இருக்கிறது: நீர் திரும்பிப் போவீர் என்பதற்கு என்ன சான்று? உத்தியோகக் கடிதம், சொத்து, வங்கிக் கணக்கு ஆகியவற்றை வைத்தே பெரும்பாலும் இதற்கு விடை காணப்படுகிறது. ஆசிரியரின் கணக்கோ மாதக் கடைசியில் வற்றிவிடுவது. "யாரிடமாவது வட்டிக்கு வாங்கி மூன்று மாதம் கணக்கில் போட்டுக் காட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடு" என்று அனுபவசாலிகள் யோசனை சொல்கிறார்கள். நியாயமற்ற வாயிலில் பொய் சொல்லி நுழைவது குற்றமா? நம்முன் உள்ள பிரச்சினை இதுவே.

திரும்பி வருதல் என்பது என்னவென்று கதிரவெளி அறியாததன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி இக்கரையை அழித்தது; மக்கள் மீண்டும் அதே கரையில் குடியேறினர். 2006 நவம்பர் 8 அன்று, இடம்பெயர்ந்தோர் தஞ்சம் புகுந்திருந்த கதிரவெளிப் பாடசாலைமீது இராணுவத்தின் எறிகணைகள் விழுந்தன. 40க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். ஊர் வெறுமையாயிற்று. எனினும் அடுத்த ஆண்டே மக்கள் திரும்பத் தொடங்கினர். சிதைந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவனை நோக்கி, நீ திரும்புவாயா என்று கேட்கிறது ஒரு படிவம். அவன் காட்டக்கூடிய மிகப் பெரிய சான்றுக்கு அதில் கட்டம் இல்லை.

ஜெர்மானியத் தத்துவஞானி கான்ற் 1795இல் எழுதிய நிரந்தர சமாதானம் பற்றிய நூலில், பூமி மானிடர் அனைவருக்கும் பொதுவானதாகையால், அயல்நாட்டில் பகைவனாக நடத்தப்படாமல் சென்று வரும் உரிமை எவருக்கும் உண்டு என்றார். அந்த உரிமையின் பேரால் பிற தேசங்களை அடிமைப்படுத்திய ஐரோப்பிய வணிக அரசுகளையும் அவர் அங்கேயே கண்டித்தார். 1602இல் ஒல்லாந்தக் கப்பல் தலைவன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கியபோது வங்கிக் கணக்கு காட்டி இறங்கவில்லை. இன்று பாசிக்குடாவில் வெயில் காயவரும் ஐரோப்பியருக்கும் இத்தனை சோதனை இல்லை.

ஐரோப்பிய அரசுகளின் ஐயம் முற்றிலும் ஆதாரமற்றது என்பது நேர்மையாகாது. விருந்தாளியாகப் போய்த் திரும்பாதவர் உண்டு. ஆயினும் மாமியும் மாமனும் போனது விருந்துக்கல்ல, உயிர் பிழைக்க. தஞ்சம் வேறு, வருகை வேறு. ஒருவர் தஞ்சம் புகுந்ததை இன்னொருவரின் வருகைக்கு எதிரான சாட்சியமாக்குவது நீதியன்று.

அப்படியானால் பொய் சொல்லலாமா? எந்த நிலையிலும் பொய் ஆகாது என்றவரும் அதே கான்ற்தான். அவ்வளவு கடுமை நமக்கு வேண்டியதில்லை. கொலைகாரனிடமிருந்து ஓடுபவன் சொல்லும் பொய்யை நாம் பழிக்க மாட்டோம். ஆனால் உறவினரைக் காணப் போகும் இக்குடும்பத்தின் நிலை அதுவன்று. இரவல் பணத்தைக் காட்டுபவன், மனிதனின் நாணயத்தைப் பணத்தால் அளக்கும் விதியைத் தானும் ஏற்றுக்கொள்கிறான். வெளிப்பட்ட ஒவ்வொரு பொய்யும் பின்னால் வரும் ஏழை விண்ணப்பதாரியின்மீதே ஐயமாக விழுகிறது. வட்டியும் இக்குடும்பத்தின் தலையிலேயே.

ஆகவே ஆசிரியர் உள்ளதை எழுதட்டும். செலவின் ஒரு பங்கை உழைத்துச் சேமித்த மாமி ஏற்பதாயின் அதையும் மறைக்காமல் எழுதட்டும். பிரான்சில் விருந்தளிப்பவர் தம் நகரசபையில் வரவேற்புச் சான்று பெற வழியுண்டு. மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் பெறவும் மேன்முறையீடு செய்யவும் சட்டம் இடமளிக்கிறது. தனியொரு குடும்பம் உண்மை பேசுவதால் வாயில் உடனே திறந்துவிடாது என்பதை அறிவோம். விதியை மாற்றும் கடமை அக்குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. வருகை உரிமையைப் பள்ளியில் கற்பிக்கின்ற, கற்கின்ற நம் அனைவருக்கும் உரியது.