கரணங் குன்றினும் ஆன்மாக் குன்றாமை

பெற்ற தாய் தன் மகளை நோக்கி, 'நீ யார்?' என வினவுமிடத்து, அம்மகள் ஆற்றுந் தொண்டு யாருக்கு? டிமென்ஷியா என்னும் மறதிநோயாற் பீடிக்கப்பட்டாரைப் பேணும் இல்லத்தார் பலர் வாய்விட்டுக் கூறாது உள்ளத்தே கொண்டிருக்கும் ஐயம் இது. பாரத நாட்டில் 60 வயதிற்கு மேற்பட்டாருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நோயுடையார் என 2023-இல் வெளியான கணக்கீடு ஒன்று கூறுதலின், இஃது ஓரிரு வீட்டுத் துன்பமன்று.

அந்தக்கரணங்கள் ஆன்மாவல்ல என்றும், அமைச்சரொடு கூடிய அரசனைப்போல ஆன்மா அவற்றொடு கூடிநின்றே அறியும் என்றும் தெளிவிப்பது சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம். அமைச்சர் செயலற்றவழி அரசனது ஆணை புறத்தே செல்லாது. அதுபற்றி அரசனே இலன் என்பாருளரோ? மூளையின் நரம்பணுக்கள் சிதைய, நினைவுஞ் சொல்லும் மங்குதல் கருவிக்குறையேயாம். தொண்டு அவ்வரசனுக்கும், அவனுள் நின்று அவனை விடாத முதல்வனுக்கும் உரியது. சற்றுமுன் உண்டதை மறந்து, 'பட்டினி போட்டாள்' என மருமகளைப் பழிக்கும் மாமியார் வஞ்சத்தாற் கூறுகின்றாரல்லர். இதனை உணர்ந்தார்க்கு அச்சொல் சுடும், ஆயினும் வடுவாகாது.

இவ்வுணர்வு தானே வருவதன்று, கற்பிக்கப்படல் வேண்டும். வாதிட்டுத் திருத்தாமை, நாடோறும் ஒரே பொழுதில் ஒரே முறையாக நீராட்டி உணவூட்டல், அந்தியில் மிகுங் கலக்கத்தை நல்வெளிச்சத்தாலும் இன்சொல்லாலும் தணித்தல், இளமையிற் பழகிய தேவாரப் பண்ணைக் கேட்பித்தல் ஆகியன கற்றறியத்தக்க தொழில்களே. கோவாவில் 81 குடும்பங்களைக்கொண்டு செய்து 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பயிற்சி பெற்றார் வீடுதேடிச் சென்று வழிகாட்டியவழிப் பேணுவாரது மனவுளைச்சல் குறைந்தமை கண்டனர்.

இனி, 'அவரவர் வினை. நுகரட்டும்' என்று சுற்றத்தார் ஒதுங்கிப்போதல் மதுரை மாநகரினும் அதனைச் சூழ்ந்த ஊர்களினும் காணப்படுவதே. இங்ஙனம் வினைக்கொள்கையைக் கையாளுதல் சைவமன்று, சோம்பல். நோயுற்றார் நுகர்வது பிராரத்தமாயின், கண்டும் உதவாது நிற்றல் காண்பாரது ஆகாமியமன்றோ?

பிட்டுக்கு மண்சுமந்த திருவிளையாடல் நிகழ்ந்த பதி மதுரை. ஆவணித் திங்களிற் புட்டுத்தோப்பில் அவ்விழாவைக் கண்டு மகிழ்வார் எண்ணிலர். வைகைக் கரையை அடைக்க வீட்டிற்கோர் ஆள் வருக எனப் பாண்டியன் பணித்தபோது, வந்தி முதியள், துணையிலள். இறைவன் அவட்கு ஆறுதன்மொழி கூறிப் போயினானல்லன். கூலியாளாய்க் கூடை சுமந்து அவள் பங்கை ஏற்றான், பிரம்படியும் பட்டான். இராப்பகல் கண்விழித்துப் பேணுவாள் வேண்டுவதும் அத்தகைய கூலியாளையே: வாரத்தில் ஒரு பகல் நோயாளியின் அருகிருக்க ஒருவர், அவள் உறங்க ஒரு பொழுது. திருமடங்களும் வாரவழிபாட்டுக் கழகங்களும் இத்தகைய இல்லங்களைக் கணக்கெடுத்து முறைவைத்து ஆளனுப்புதல் அரிதன்று. நாடோறுங் கோயிலுக்கு வந்த அடியாரொருவர் வாராதொழியின், ஏன் வந்திலர் என வினவி அவர் இல்லத்திற்கு ஒருவர் சென்று வருதலே இதற்குத் தொடக்கமாகலாம்.