இறங்கி நடந்தவர்கள்

கொடைக்கானல் ஊராக உருவானதற்கு முதல் காரணம் பயம். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி, 1845இல் இந்த மலையில் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். அப்போது ரோடு ஏது? மோட்டார் ஏறும் வத்தலக்குண்டு ரோடு 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதுவரைக்கும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செங்குத்துப் பாதைதான். துரைமார் மட்டக்குதிரையில் வந்தார்கள், துரைசாணிகளும் பிள்ளைகளும் டோலியில் வந்தார்கள், பெட்டி படுக்கை ஆள் தலையில் வந்தது. ஊருக்குள் இன்றைக்கும் ஒரு பாதைக்குப் பெயர் கூலிகாட்.

அவர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளையைப் புதைத்தவர்கள் குளிர்ந்த இடம் தேடிப் போனதில் என்ன தப்பு? கீழே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தியவர்களும் அவர்களேதான். ஆனால் எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிறோம். ஊழியத்தின் வரலாறு என்றால் டோலியில் உட்கார்ந்து வந்தவர்களின் வரலாறாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். தூக்கியவரின் பெயர் ஒன்றைக்கூட எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

நல்ல சமாரியன் கதையை ஞாயிறுபள்ளியில் படிக்காத கிறிஸ்தவப் பிள்ளை இருக்காது. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியன் காயம் கட்டியதைச் சொல்வார்கள். சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்ததைச் சொல்வார்கள். நடுவில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. தான் ஏறி வந்த வாகனத்தில் அடிபட்டவனை ஏற்றினான். அப்படியானால் சத்திரம் வரைக்கும் இவன் நடந்திருக்க வேண்டும். பணம் கொடுத்தது அதற்குப் பிறகுதான். எனக்கு அந்த நடைதான் கதை. தர்மம் என்று நாம் செய்வதில் பெரும்பாலானது உட்கார்ந்த இடத்திலிருந்தே கை நீட்டிக் கொடுப்பது.

வட்டக்கானலுக்குக் கீழே வெள்ளகவி என்று ஒரு கிராமம். பல தலைமுறையாக வண்டிப் பாதை பார்க்காத ஊர். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள், அவ்வளவு சாமி பயம். அங்கே ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மூங்கில் கழியில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முன்னால் போகிறவன் மேட்டில் குனிய வேண்டும், பின்னால் வருகிறவன் கழியைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி சரிந்துவிடுவார். தோள் கன்றிப்போனால் பக்கத்தில் நடக்கிறவன் பேசாமல் மாற்றிக்கொள்வான். கூலி கிடையாது. இன்றைக்கு இவர் வீடு, நாளைக்கு அவர் வீடு. அவர்களில் யாரும் சமாரியன் கதை கேட்டவர்கள் இல்லை. சொல்லப்போனால், இயேசு அந்தக் கதைக்கு நாயகனாகத் தேர்ந்தெடுத்ததும் நம் ஆள் இல்லை என்று ஒதுக்கப்பட்ட ஒருவனைத்தான்.

மிஷன் டாக்டர்களில் இந்த இறங்கி வருவதைப் புரிந்துகொண்டவர் என்று நான் நினைப்பது பிராங்க் வான் ஆலனை. கொடைக்கானலில் ஒரு ஆஸ்பத்திரி இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. மதுரையில் 1897இல் ஆல்பர்ட் விக்டர் ஆஸ்பத்திரியை அவர் எழுப்பியபோது, உள்ளூர் இந்து ஜமீன்தார்களிடமும் தனவந்தர்களிடமும் போய்க் கேட்டு வாங்கிய பணத்தில்தான் எழுப்பினார். கொடுக்க வந்தவன் கை நீட்டுவது லேசான காரியமா? நான் உனக்கு உதவுகிறேன் என்று சொல்வதில் ஒரு மிதப்பு இருக்கிறது. எனக்கு உன் உதவி வேண்டும் என்று சொல்ல அந்த மிதப்பு கரைய வேண்டும்.

எங்கள் அப்பத்தா அடுப்பங்கரையில் ஒரு சின்னப் பானை வைத்திருந்தார். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். கைப்பிடி அரிசிக் காணிக்கை. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அந்தப் பிடி தனியாக வாங்கிய அரிசி இல்லை, அன்றைய சோற்றிலிருந்து எடுத்தது. அவர் வட்டிலில் அந்த அளவு குறைந்திருக்கும். இப்போது பல வீடுகளில் பானை போய் காணிக்கைக் கவர் வந்துவிட்டது. வசதிதான். அறுப்பின் பண்டிகையில் ஏலம் மட்டும் மாறவில்லை. பூண்டும் கேரட்டும் பீன்ஸும் மலைவாழைத் தாரும் வரிசையாக இருக்கும். ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகும். எடுத்தவரே திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார், கைதட்டல் கிளம்பும். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியிருக்கிறார்கள். என்றாலும் எலுமிச்சம்பழம் எடுத்தவர் வீட்டில் அன்று ராத்திரி யார் தட்டிலும் எதுவும் குறையாது.

மலைக்குக் கீழே, பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கடக்கிற ஒட்டன்சத்திரத்தில், 1955இல் டாக்டர் ஏ.கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். இருவரும் மலையாளிகள். நகரத்தில் அவர்களுக்கு வேலைக்கா பஞ்சம்? காய்கறிச் சந்தையைத் தவிர வெளியாருக்குச் சொல்ல ஒன்றுமில்லாத ஊரைத் தேர்ந்தெடுத்து, குடும்பத்தோடு குடியேறி, எளிய வாழ்க்கையைச் சேர்ந்து வாழ்வது என்று முடிவு செய்தார்கள். செரியனும் அவர் மனைவி டாக்டர் மேரியும் பின்னால் பக்கத்து அம்பிளிக்கைக்குப் போய் அங்கேயும் மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். முகாம் போட்டு மருந்து கொடுத்துவிட்டுச் சாயங்காலமே ஊர் திரும்புவதும் சேவைதான். அங்கேயே தங்கிவிட்டால் அதே வெயிலும் அதே தண்ணீரும் நமக்கும் சேர்த்துத்தான். மலை ஏறிய மிஷனரிகளுக்கும் கீழே தங்கிய இவர்களுக்கும் விசுவாசம் ஒன்றேதான்.

இதையெல்லாம் என் அண்ணன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸிங் முடித்திருக்கிறாள். வளைகுடாவில் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். இப்படி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலமாவது இருந்து பாரேன் அம்மாடி என்றேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றது எல்லாம் சரி சித்தப்பா. படிச்ச லோனை யாரு கட்டுவா? அப்பாவா?"

நியாயமான கேள்வி. அண்ணனுக்கு வருமானம் கிடையாது, வீட்டைத் தூக்கி நிறுத்தப்போவது அவள்தான். டோலிக்கு உள்ளேயிருந்துகொண்டு தோள் கொடுக்கிறவளுக்கு இறங்கி நடப்பதைப் பற்றி நான் போதித்திருக்கிறேன். லோனில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன், மூன்று வருஷத்தில் கட்டிவிடலாம், அதனால் நீ அங்கே போயே ஆக வேண்டும் என்றில்லை என்றேன். போன மாதம் முதல் தவணை கட்டினேன். கார் வாங்கும் யோசனை தள்ளிப்போயிருக்கிறது. அவள் இன்னும் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.